முட்டையா, விளக்கா, வலையா? இந்த ஆமைப் பருவத்தில் எதற்கு முதலிடம்

மார்கழி முடியப் போகிறது. வாடைக்காற்றின் வேகம் குறைந்து, கடலூரை ஒட்டிய தாழங்குடா பக்கம் மணல் மறுபடி மேடு கட்ட ஆரம்பித்துவிட்டது. தை பிறந்ததும் ஆமைகள் கரையேறத் தொடங்கும். மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்பார்கள், செய்தித்தாளில் ஆலிவ் ரிட்லி என்று போடுகிறார்கள். பெயரில் பங்குனி இருந்தாலும் நம் கரைக்கு ஜனவரியிலேயே வந்துவிடும். மாசியில்தான் அதிகம்.

கடலாமைகளைக் காக்கும் எங்கள் குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர், ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் மூன்று பேர், மீதி என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள். வருஷா வருஷம் இந்த நேரத்தில் உட்கார்ந்து பேசுவோம். இந்த முறை பேச்சு சூடாகவே போனது. இருக்கிற ஆள், இருக்கிற காசு, நாலு மாதத்து இரவுகள், இதையெல்லாம் எதில் போடுவது என்பதுதான் கேள்வி. கடலூரிலும் புதுச்சேரியிலும் வேறு குழுக்களும் இதையே யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். இதில் உள்ள முடிவு என்னுடையது. குழுவில் இரண்டு பேர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் வனத்துறையிடம் போக வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடுவது குற்றம். செத்த ஆமைக்கும் இது பொருந்தும். ரேஞ்சர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்களோடு சேர்ந்தே வேலை செய்யுங்கள்.

சரி, முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரவில் கரையில் நடந்து, ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துவந்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பது. சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து இதைச் செய்துவருகிறார்கள். நம் பக்கம் வனத்துறையே நடத்துகிறது.

இந்த வேலையில் ஏன் எல்லோருக்கும் மனசு ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். போன மாசியில் ஓர் இரவு, ஒன்றரை மணி இருக்கும், டார்ச்சை அணைத்துவிட்டு பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டு பார்த்தோம். ஆமை பின்துடுப்பை அகப்பை மாதிரி மடக்கி, ஒரு பிடி மணலை அள்ளி ஓரமாக வைத்தது. அப்புறம் அடுத்த துடுப்பு. கண்ணால் பார்க்காமலே, தடவித் தடவி, முழங்கை ஆழத்துக்கு வாய் குறுகி அடி அகன்ற குழி, அப்படியே மண்குடத்தின் உட்புறம் மாதிரி. அதில் நூற்றுச் சொச்சம் முட்டை. மூடிய பிறகு உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி மணலை இடித்து இறுக்கியது. அந்த அதிர்வு எங்கள் நெஞ்சுக்கடியில் மணலில் தெரிந்தது. திரும்பி ஒரு தடவைகூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது. இதைப் பார்த்தவனால் அந்த முட்டைகளை நாய்க்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

நாய்தான் இங்கே பெரிய ஆபத்து. மீன் இறக்கும் இடங்களைச் சுற்றி வளரும் நாய்கள் ஒரே இரவில் குழியைத் தோண்டிக் காலி செய்துவிடும். நரி, நண்டு, காக்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான். தேவனாம்பட்டினம் மாதிரி ஆள் நடமாட்டமும் நாயும் நிறைந்த கரையில் முட்டையை இடம் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் பொரிப்பகம் வேலி போட்டால் முடிகிற காரியமும் இல்லை. முட்டை விழுந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நேரம் போனால் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் செத்துவிடும். தாய் தோண்டிய அதே ஆழம், அதே குட வடிவம் வேண்டும். போன வருஷத்து மணலிலேயே திரும்பப் புதைத்தால் பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம்விட முக்கியம் சூடு. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். அதில் நடுப்பகுதி நாட்களில் மணல் ஏறக்குறைய 29, 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பெண் அதிகம், கீழே இருந்தால் ஆண் அதிகம். சித்திரை வெயிலில் நிழல் இல்லாமல் எல்லாக் குழியையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால், எண்ணிக்கையில் ஜெயித்து, ஆணே இல்லாத கூட்டத்தைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருப்போம். நிழல்வலை போட்டால் போதும் என்பார்கள். எவ்வளவு நிழல் என்று தெரிய மணலுக்குள் வெப்பமானி வைத்துத் தினமும் எழுத வேண்டும். எத்தனை பொரிப்பகத்தில் அந்த நோட்டு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குஞ்சு விடும் நிகழ்ச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. சில வருஷம் முன்பு வேறொரு கரையில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் மேலே வந்த குஞ்சுகளை பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரக் காலை ஒன்பது மணி ஆனது. அதுவரை அவை தொட்டிச் சுவரில் முட்டி முட்டி நீந்திக்கொண்டே இருந்தன. குழியிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு வயிற்றில் மீந்த மஞ்சள் கருதான் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டுதான் முதல் ஒன்றிரண்டு நாள் நிற்காமல் நீந்தி ஆழத்துக்குப் போக வேண்டும். அந்தச் சோற்றைத் தொட்டியிலேயே தீர்த்துவிட்டு, வெயிலில், காக்கைகள் பார்த்துக்கொண்டிருக்கக் கடலில் இறங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வெளிவந்த குஞ்சை அந்த இருட்டிலேயே, தானாக மணலில் நடந்து போகும்படி விட வேண்டும். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் காத்திருக்கட்டும்.

இரண்டாவது வழி, குழியை இருந்த இடத்திலேயே விட்டுக் காவல் காப்பது. உலகெங்கும் கடலாமை ஆராய்ச்சியாளர்கள் முதலில் சொல்வது இதைத்தான். முட்டையை எடுப்பது கடைசி வழி. குழியின் மேல் நாய் தோண்ட முடியாதபடி கம்பிவலையைப் பரப்பி, ஓரங்களை மணலுக்குள் புதைத்து, தாய் வந்துபோன தடத்தைக் காலால் அழித்துவிட்டால் போதும். சூடு, ஈரம் எல்லாம் இயற்கையாக இருக்கும். ஆண், பெண் கணக்கில் நம் கை படாது. செலவும் குறைவு. இது நடக்க வேண்டுமென்றால் கரை அகலமாக, இருட்டாக, அலை ஏறாத மேட்டில் குழி இருக்க வேண்டும். பெண்ணையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே புதுச்சேரி எல்லைக்குள் மூர்த்திக்குப்பம், நரம்பை வரை போகும் மணல் அப்படிப்பட்டது. நாயும் வண்டியும் சுற்றுகிற கரையில் இது எடுபடாது. ஆகவே இந்த இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை, குழி எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் குழுவில் இனி முகத்துவாரத்தை ஒட்டிய குழிகளைத் தொடப் போவதில்லை. ஊருக்கு நேராக விழுபவற்றை மட்டும் வனத்துறைப் பொரிப்பகத்துக்குக் கொடுப்போம்.

இரண்டு வழியையும் கெடுப்பது விளக்கு. குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். இருட்டான கரையில் கடலின் மேல்தான் வானம் வெளுப்பாக இருக்கும், அது சரியான வழி. இப்போது ஊர்ப்பக்கம் எல்.இ.டி. விளக்குகள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஒரு காலை, தார்ச்சாலை ஓரம் உயர்கோபுர விளக்குக்கு அடியில் நாற்பதுக்கு மேல் எண்ணினோம். சிலது வண்டியில் அடிபட்டு, மீதி எல்லாம் காய்ந்துபோய். கடல் அங்கிருந்து எண்பது தப்படி. கண்ணில் படாத குழியிலிருந்து வந்தவை அவை, எந்தப் பொரிப்பகக் கணக்கிலும் வராதவை.

இதற்குப் பணம் வேண்டாம், பேச்சுவார்த்தை வேண்டும். கடல் பக்கம் பார்த்த விளக்குக்கு ஒரு தகர மறைப்பு, இரவு பதினோரு மணிக்கு மேல் பாதியை அணைப்பது, முடிந்த இடத்தில் வெள்ளைக்குப் பதில் சிவப்பை ஒட்டிய மங்கலான விளக்கு. இவ்வளவுதான். நகராட்சியிடம் மனு கொடுப்பதைவிட ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்து பேசுவது சீக்கிரம் நடக்கும் என்பது என் அனுபவம். மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும் நாளில் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டேன், அது ஊரின் நாள். மறுநாள் இரவிலிருந்து பந்தல் விளக்குகளைக் கழற்றிவிடச் சொல்லலாம், கேட்பார்கள். புதுச்சேரி நல்லவாட்டில் 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசித் தகவலை ஊர் ஒலிபெருக்கியில் சொல்லித்தான் ஜனங்களைக் கரையிலிருந்து விரட்டிக் காப்பாற்றினார்கள். நம் குப்பங்களில் ஒலிபெருக்கிக்கு இருக்கிற மரியாதை பெரியது. “இன்னிக்குக் குஞ்சு வர்ற நாள், கடல் பக்க விளக்க அணைச்சுக்குங்க” என்று சாயங்காலம் ஒரு வார்த்தை அதில் சொல்லவைக்க முடிந்தால், அது பத்து பேனருக்குச் சமம்.

கரையே இல்லாமல் போவது இன்னொரு பிரச்சினை. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் 1980-களின் கடைசியில் கட்டப்பட்டன. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்து கருங்கல் குவியலானது. கல் போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஒவ்வோர் ஊரும் தனக்குக் கல் கேட்க வேண்டியதாயிற்று. கல்லில் ஆமை ஏறாது, கட்டுமரமும் ஏறாது. கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் நகரத்துக்கு எதிரே தண்ணீருக்கடியில் இரும்புத் திட்டு அமைத்த பிறகு அந்தப் பகுதியில் கொஞ்சம் மணல் திரும்பியது உண்மை. ஆனால் இது அரசும் பொறியாளர்களும் செய்ய வேண்டியது, பதினோரு பேர் நாலு மாதத்தில் தொடக்கூடியதில்லை. சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கைப் பற்றி மட்டும் ஒன்று: அலை ஏறும் கோட்டை ஒட்டி நட்டால் ஆமைக்குக் குழி தோண்ட இடம் இருக்காது. தள்ளி நட்டால் ஊர் வெளிச்சத்தை மறைக்கிற திரையாகும். புதிதாக நடும்போது வனத்துறையிடம் நம்மால் இதைச் சொல்ல முடியும்.

இனி கடல். நான் இவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்தது இங்கேதான்.

எங்கள் குழுவில் இருக்கிற ஃபைபர் படகுக்காரர்களில் மூத்தவர் ஒருவர். பேச்சு முழுக்கப் பொரிப்பகத்தைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “முட்டைய வேலி போட்டுக் காப்பாத்துறீங்க தம்பி, சரி. நேத்து என் வலையில ரெண்டு ஏறிச்சு. வலைய அறுத்துதான் விட்டேன். ஒண்ணு உசிரோட போச்சு. இன்னொண்ணுக்கு மூச்சே இல்ல. லாஞ்சுக்காரன் கரை ஓரமா மடி இழுக்குறான், அவன் மடியில எத்தனையோ. அத யாரு எண்ணுறது?”

யாரும் பதில் சொல்லவில்லை. லாஞ்சு என்பது விசைப்படகு, மடி என்பது அது இழுத்துப் போகும் பை போன்ற இழுவை வலை. 

ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. மேலே வர விடாமல் தண்ணீருக்கடியில் மடிக்குள் அடைத்து மணிக்கணக்கில் இழுத்தால் மூழ்கிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் நினைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது, கடலில் கூட்டு ரோந்து வந்தது. அந்த ஆயிரம் என்ற எண்ணை மணலில் நடந்து ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் இருந்ததால்தான் அது செய்தியாகி, விசாரணைவரை போனது.

அறிவியலும் இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் பெருந்தலை ஆமைகளை வைத்து டெபோரா க்ரவுஸ், லாரி க்ரவுடர், ஹால் காஸ்வெல் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 1987-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். முட்டையும் குஞ்சும் ஒன்றுகூடச் சாகாமல் எல்லாம் பிழைத்தால் கூட்டம் பெருகுமா? பெருகாது என்றது கணக்கு. வளர்ந்து பெரிதாகிவிட்ட ஆமைகள் கடலில் சாவதைக் குறைத்தால்தான் கூட்டம் நிமிரும். இந்தக் கணக்கு, இறால் மடிகளில் ஆமை தப்பிக்கும் கம்பிச் சட்டகத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரிய பலம் சேர்த்தது. பங்குனி ஆமை அந்த ஆமையைவிடச் சீக்கிரம் பருவத்துக்கு வருவதால், இங்கே முட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஆயிரம் குஞ்சில் ஒன்று தப்பினால் அதிசயம் என்று நாமே பள்ளிகளில் சொல்கிறோம். அப்படித் தப்பி, பத்துப் பன்னிரண்டு வருஷம் கடலில் பிழைத்து, முட்டையோடு கரைக்கு முன்னால் வந்து நிற்கிற தாயை மூன்று மைல் தூரத்தில் இழந்துவிட்டு, அவள் தங்கையின் முட்டைக்கு வேலி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆமைகள் கூடிக் காத்திருக்கிற தண்ணீரும் இதற்குள்தான் பெரும்பாலும். வருஷாந்திர மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சுக்கு ஏற்ற காலம் அது. ஆமைக்குத் தாமதம், அதற்குள் தாய்கள் வந்து போய்விடும், அல்லது செத்திருக்கும். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை அந்த 5 மைல் கோட்டை யார் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் எல்லாமே.

இங்கேதான் நம் கடலோர அரசியலையும் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் லாஞ்சு வந்தால் ஆமைக்கு எவ்வளவு நஷ்டமோ அவ்வளவு நஷ்டம் ஃபைபர் படகுக்காரருக்கு. அவர் வலை அறுபடும், அவர் மீன் போகும். ஆமை ஆர்வலரும் சிறுதொழில் மீனவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடக் காரணம் இருக்கிறது. இதுவரை நாம் அவர்களிடம் போனது முட்டையை எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது” என்று சொல்லிக்கொண்டே வலையை அறுத்து அதை விடுகிறவர்கள் அவர்கள். அறுத்த வலைக்குப் பணம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு மகாராஷ்டிரா 2018-இல் ஒரு வழி காட்டியது. பாதுகாக்கப்பட்ட உயிரை விடுவிக்க வலையை அறுத்தால், படம் எடுத்துக் காட்டினால், 25,000 ரூபாய் வரை ஈடு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இதைக் கேட்பது நியாயமான கோரிக்கை, எளிதில் புரியவைக்கக்கூடியதும்கூட.

விசைப்படகுக்காரர்களை எதிரியாக வைத்துப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டகம் பொருத்தினால் இறாலும் மீனும் கம்பிகளுக்கு நடுவே போய்விடும், ஆமை மோதித் திறப்பு வழியே வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரி இதைச் செய்து தந்திருக்கிறது. பெரிய மீன் நழுவிவிடும் என்பது அவர்கள் பயம், அது பொய்ப் பயம் இல்லை. ஆனால் இந்தக் கம்பிச் சட்டகம் இல்லை என்பதால்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. விலையில் அந்த அடி யார் தலையில் விழுந்தது என்று அவர்களுக்கே தெரியும். அந்தப் பேச்சைத் துறைமுகத்தில் ஆரம்பிக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. கூடவே சின்ன விஷயம் ஒன்றையும் சொல்லிக் கொடுக்கலாம்: மடியில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்ததாக நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். நிழலில் வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, ஈரத் துணி போட்டு வைத்தால் தண்ணீர் வடிந்து சில மணி நேரத்தில் மூச்சு திரும்பலாம். சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும்.

இதற்கெல்லாம் கையில் ஆதாரம் வேண்டும். நம் கரையில் எத்தனை செத்தன, எந்தத் தேதியில், எங்கே? போன வருஷம் எத்தனை முட்டை எடுத்தோம் என்று கேட்டால் எங்கள் நோட்டில் இருக்கிறது. எத்தனை தாய் செத்தது என்று கேட்டால் “நிறைய” என்றுதான் சொல்வோம். பெண்ணையாறு தொடங்கி கெடில முகத்துவாரம் வரை நடந்திருக்கிறோம், அத்தனை உடல்களையும் கடந்து போயிருக்கிறோம். ஒன்றைச் சொல்கிறேன். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. நாய் வயிற்றைக் கிழித்திருந்தது. மணலில் சிதறிக் கிடந்தவை இன்னும் ஓடு கட்டாத மஞ்சள் முட்டைகள். மளிகைக் கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அதை எதிலும் எழுதவில்லை, குழி தோண்டிப் புதைத்துவிட்டு அடுத்த தடத்தைத் தேடிப் போனோம்.

எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? தேதியும் இடமும் சேர்ந்தால் எந்த வாரம் சாவு கூடுகிறது என்று தெரியும், அந்த வாரம் ரோந்து கேட்கலாம். ஓட்டின் நீளம் அளந்தால் பருவத்துக்கு வந்ததா இல்லையா என்று தெரியும். வால் நீண்டிருந்தால் ஆண். ஆண் ஆமை குஞ்சாகக் கடலில் இறங்கியதோடு சரி, முட்டையிட என்று கரைக்கு வருவதில்லை. நம் கரையோரத்தில் ஆண்கள் எத்தனை என்று காட்டுகிற சாட்சி பெரும்பாலும் இந்தச் செத்த உடல்கள்தான். காற்றும் நீரோட்டமும் தள்ளி வருவதால் ஒதுங்கிய இடமே செத்த இடம் இல்லை. கடலில் மூழ்கிப்போனவை கணக்கில் வராது. ஒவ்வொன்றும் மடியில்தான் செத்தது என்று நாமே சொல்லிவிடவும் கூடாது, கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது அது. இத்தனை குறையோடும் அந்த எண் வனத்துறை, மீன்வளத்துறை, தீர்ப்பாயம் மூன்று இடத்திலும் பேசும்.

குழிகளின் இடக்குறிப்புக்கும் இப்படி ஒரு மதிப்பு உண்டு. 2019-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் ஆமை முட்டையிடும் கரை முதல் வகை, மிகக் கடுமையான பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு காகிதத்தில் இறங்க வேண்டுமானால் வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட வேண்டும். நாளைக்கு அங்கே ரிசார்ட்டோ சாலையோ வருகிறபோது, பத்து வருஷத்து ஜிபிஎஸ் குறிப்புகள் இருந்தால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசலாம். உணர்ச்சியோடு பேசி உட்கார்ந்த கூட்டங்களை நான் பார்த்துவிட்டேன்.

காரணத்தை முதலில் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பிச்சாவரம் நம் மாவட்டத்திலேயே இருக்கிற உதாரணம். அங்கே அலையாத்திக் காடு பட்டுப்போவதைப் பார்த்து எல்லோரும் மரம் வெட்டுகிற ஜனங்களைக் குறை சொன்ன காலம் உண்டு. ஆராய்ந்து பார்த்தபோது, முன்பு கூறுகூறாக மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, உப்புநீர் தேங்கி வற்றி, செடி வாழ முடியாத அளவு உப்பேறியது தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் போய்வர விட்டார்கள், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேர்ந்து. அப்புறம்தான் நட்டார்கள், பிடித்துக்கொண்டது. 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. காரணம் தெரியாமல் கன்று நட்டுக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் நட்டுக்கொண்டிருப்போம்.

பொரிப்பகத்தை மூடச் சொல்லும் கட்சி நான் இல்லை. இரவு நடையே அதனால்தான் நடக்கிறது, பிள்ளைகள் கடலைப் பார்க்க வருவது அதனால்தான். குழுவில் ஒத்துக்கொள்ளாத இரண்டு பேரும் கல்லூரிப் பிள்ளைகள். “செத்ததை எண்ண யார் சார் வருவாங்க?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிணத்தின் முன்னால் குந்தி அளவெடுப்பது குஞ்சைக் கடலில் விடுவது மாதிரி மனசுக்கு இதமான வேலை இல்லை. அதனால்தான் அதை எல்லோருக்கும் முறை வைத்துப் பிரித்திருக்கிறோம், யாருக்கும் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் இல்லாமல்.

ஏற்பாடு இப்படி. இரண்டு இரண்டு பேராக, இரவு நடை வழக்கம்போல. எடுக்கிற குழிகளைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குக் கம்பிவலை. பொரிப்பகத்தில் வெப்பமானி இரண்டு, காலையும் மாலையும் எழுதுவது கடைக்காரர் பொறுப்பு. விளக்குக்காகப் பஞ்சாயத்தாரைப் பார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் திரும்பும்போது செத்த உடல் கண்ணில் பட்டால் வனத்துறைக்குத் தகவல், படம், தேதி, இடம், ஓட்டு நீளம், வால். திரும்ப எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பெயிண்டால் ஓர் அடையாளம். இதற்கும் ரேஞ்சரிடம் எழுதி வாங்கியாகிவிட்டது. மூத்தவர் தன் பங்குக்கு, கடலில் மிதக்கிற உடல்களையும் கோட்டுக்குள் வருகிற லாஞ்சுகளையும் நேரத்தோடு குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்து வராது, போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்த மாதக் கணக்கு இரண்டு துறைக்கும் போகும், புதுச்சேரிப் பக்கம் நடக்கிற நண்பர்களுடையதும் சேர்த்து. ஆமைக்கு மாநில எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும், அதனால் இரண்டு பிரதி.

மஞ்சள் பெயிண்ட் ஒரு லிட்டர், பழைய துணி அளக்கும் டேப் இரண்டு, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. நோட்டின் முதல் பக்கத்தில் கடைக்காரர் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, போன மாசியில் செத்துக் கிடந்த அந்த ஆமையை முதலில் எழுதலாமா என்று கேட்டார். தேதி யாருக்கும் சரியாக நினைவில்லை. தேதி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றதை எழுதினார்.